போடாத மருந்துக்கும் எதிர்ப்பு வருவது எப்படி?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் கம்பெனிக்காக 5,000 கறிக்கோழி வளர்க்கிறேன். போன பேட்ச்சில் நான்காவது வாரம் கோழிகள் சாக ஆரம்பித்தன. செத்த கோழியின் ஈரலை டாக்டர் லேபுக்கு அனுப்பினார். ஈ.கோலை என்ற பாக்டீரியா என்று வந்தது. ஆம்பிசிலின், டெட்ராசைக்ளின், ஸ்ட்ரெப்டோமைசின், சல்ஃபா, என்ரோஃப்ளாக்சசின் ஐந்துக்கும் எதிரே 'ஆர்' (மருந்துக்கு எதிர்ப்பு உண்டு) போட்டிருக்கிறார்கள். நான் கொடுத்ததெல்லாம் டெட்ராசைக்ளினும் என்ரோஃப்ளாக்சசினும்தான். மற்ற மூன்றும் என் ஷெட்டுக்குள் வந்ததே இல்லை. ரிப்போர்ட் தவறா? இனி என்ன மருந்து போடுவது? வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்து உண்டா?

பதில்: ரிப்போர்ட்டைச் சந்தேகிக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் வரிசை எங்களுக்குப் பழக்கமானது. பாக்டீரியாவில் எதிர்ப்பு மரபணுக்கள் பல சமயம் ஒன்றோடொன்று கட்டிய கட்டாகவே பயணம் செய்கின்றன. அந்தக் கட்டைக் கட்டுவது டிரான்ஸ்போசேஸ் என்ற நொதி. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், அடுத்த பேட்ச்சில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதும் பிடிபடும்.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடுகிறேன். என்ரோஃப்ளாக்சசின் எதிர்ப்பு பெரும்பாலும் இந்த நொதியால் வருவதல்ல. பாக்டீரியாவின் சொந்த மரபணுவில் ஏற்படும் எழுத்துப் பிழை அது. மருந்து போகப் போக, பிழை உள்ளவை மட்டும் பிழைத்துப் பெருகும். அது உங்கள் பண்ணையிலேயே நடந்திருக்கலாம், குஞ்சோடும் வந்திருக்கலாம். மற்ற நான்கின் கதை வேறு.

முதலமடைப் பக்கம் மாமரத்துக்கு ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மரத்தின் கொம்பை வெட்டி, இன்னொரு செடியில் சரிவாகக் கீறிச் செருகிக் கட்டுவார்கள். டிரான்ஸ்போசேஸ் செய்வதும் ஏறக்குறைய அதுதான். டிஎன்ஏவின் ஒரு துண்டை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோர் இடத்தில் செருகுகிறது. இடம் மாறும் மரபணுக்கள் உண்டு என்பதைச் சோளத்தில் முதலில் கண்டவர் பார்பரா மெக்ளின்டாக். அதற்கு 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாக்டீரியாவில் இப்படித் தாவும் துண்டுக்கு டிரான்ஸ்போசான் என்ற பெயர் 1974-இல் வந்தது. அப்போது தாவியது ஆம்பிசிலின் எதிர்ப்பு மரபணு.

இவற்றில் நாம் மிக நன்றாக அறிந்தது டிஎன்5 என்ற டிரான்ஸ்போசானின் நொதி. 476 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். டிஎன்ஏவைப் பிடித்த நிலையிலேயே அதன் முப்பரிமாண வடிவத்தை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரெஸ்னிகாஃப், ரேமென்ட் குழுவினர் 2000-இல் வெளியிட்டார்கள். எனக்கு இன்றும் வியப்பூட்டும் படம் அது. தாவும் துண்டின் இரு முனைகளிலும் 19 எழுத்து (டிஎன்ஏ வரிசையின் ஓர் அலகை எழுத்து என்கிறேன்) நீளத்தில் ஓர் அடையாளம் இருக்கிறது. ஒவ்வொரு முனையையும் ஒரு நொதி மூலக்கூறு பற்றிக்கொள்கிறது. பிறகு அந்த இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொள்கின்றன. நடுவில் உள்ள டிஎன்ஏ வளையமாக வளைகிறது. வெட்டு அதற்குப் பிறகுதான் நடக்கும். அதுவும், தான் பிடித்த முனையை அல்ல, மற்றது பிடித்த முனையைத்தான் ஒவ்வொன்றும் வெட்டுகிறது. கயிற்றின் ஆளுக்கொரு முனையைப் பிடித்த இருவர், அடுத்தவர் கைப்பக்கக் கயிற்றை அறுப்பதுபோல. இரு முனைகளும் சேராவிட்டால் வெட்டே விழாது. அரைகுறையாக வெட்டி டிஎன்ஏவை முறித்துப்போட்டால் பாக்டீரியா சாகும், அதோடு டிரான்ஸ்போசானும் போகும். அதனால்தான் இந்த ஏற்பாடு.

வெட்டும் இடத்தில் மூன்று அமினோ அமிலங்கள் இருக்கின்றன: 97, 188-ஆம் இடங்களில் அஸ்பார்டிக் அமிலம், 326-ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம். மூன்றும் சேர்ந்து இரண்டு மெக்னீசியம் அயனிகளைப் பிடித்திருக்கின்றன. அந்த அயனிகள் ஒரு நீர் மூலக்கூறைக் கூர்தீட்டி டிஎன்ஏவின் முதுகெலும்பு மீது ஏவுகின்றன. ஓர் இழை அறும். அறுந்த நுனி எதிர் இழையைத் தாக்கிக் கொண்டைஊசிபோல் மடங்கும். துண்டு பழைய இடத்தை விட்டு விடுபடும். இன்னொரு நீர் மூலக்கூறு அந்த மடிப்பைத் திறந்துவிடும். விடுபட்ட துண்டு, நொதியின் பிடியிலேயே புதிய இடத்துக்குப் போகிறது. அங்கே இரண்டு இழைகளையும் நேருக்கு நேர் வெட்டாமல் 9 எழுத்து தள்ளித்தள்ளி வெட்டிச் செருகுகிறது. ஒட்டுக்காரர் சரிவாகக் கீறுவதுபோலவே. மிஞ்சும் இடைவெளியைப் பாக்டீரியாவே நிரப்பிக்கொள்ளும். அதனால் செருகிய துண்டின் இருபுறமும் அதே 9 எழுத்துகள் இரட்டிப்பாக நிற்கும். டிஎன்ஏ வரிசையைப் படிக்கும்போது அந்தத் தழும்பை வைத்துத்தான் 'இங்கே ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது' என்கிறோம்.

ஆம்பிசிலின் எதிர்ப்பைச் சுமக்கும் டிஎன்3 இன்னொரு வகை. அது பழைய இடத்தை விடாமல், நகலெடுத்து நகலைப் புது இடத்தில் வைக்கிறது. தாவத் தாவ எண்ணிக்கை கூடும்.

டிரான்ஸ்போசேஸ் ஒரே பாக்டீரியாவுக்குள்தான் துண்டை நகர்த்தும். ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையம். பலவகை டிரான்ஸ்போசான்கள் ஒரே பிளாஸ்மிட்டில் ஏறிக்கொண்டால், ஒரே பஸ்ஸில் எல்லாம் ஊர் போய்ச் சேரும். 1950களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமியில் கண்ட ஆர்100 என்ற பிளாஸ்மிட் இதற்கு நல்ல சாட்சி. அதில் டெட்ராசைக்ளின் எதிர்ப்பைத் தரும் டிஎன்10 இருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின், சல்ஃபா இரண்டுக்கும் எதிர்ப்பைத் தரும் டிஎன்21-உம் இருக்கிறது. உங்கள் கோழியில் இருந்தது அதே பிளாஸ்மிட் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு விடை இதே அமைப்புதான். நீங்கள் டெட்ராசைக்ளின் கலந்த ஒவ்வொரு முறையும், அந்த வளையத்தை வைத்திருந்த பாக்டீரியாக்கள் பிழைத்தன. கூடவே அதில் ஏறியிருந்த ஸ்ட்ரெப்டோமைசின், சல்ஃபா, ஆம்பிசிலின் எதிர்ப்பு மரபணுக்களும் பிழைத்தன. போடாத மருந்தின் எதிர்ப்புக்கும் நீங்களே தீனி போட்டிருக்கிறீர்கள், தெரியாமல்.

'இந்த நொதியையே முடக்கும் மருந்து இல்லையா' என்று பண்ணைக்காரர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. எச்ஐவி வைரஸின் இன்டக்ரேஸ் நொதி இதே மூன்று அமில, இரண்டு மெக்னீசியம் அமைப்பு கொண்டது. அந்த மெக்னீசியத்தைப் பற்றி முடக்கும் ரால்டெக்ராவிர் 2007-இல் சிகிச்சைக்கு வந்தது. ஆனால் பண்ணையில் பாக்டீரியாவின் டிரான்ஸ்போசேஸைத் தடுக்கக் கொடுக்க எந்த மருந்தும் இல்லை. அப்படிச் சொல்லி யாராவது பாட்டில் விற்றால் வாங்காதீர்கள்.

இப்போது உங்கள் அடுத்த பேட்ச். குஞ்சு இறங்கிய நாளிலிருந்து 'முன்னெச்சரிக்கை'யாகத் தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். இதுதான் முதல் வேலை. சூப்பர்வைசர் கொடுத்தாலும் டாக்டரிடம் கேட்காமல் ஊற்ற வேண்டாம். ரிப்போர்ட்டில் 'எஸ்' (மருந்து வேலை செய்யும்) என்று வந்த மருந்தையும், நோய் இருக்கும்போது மட்டும், டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை கொடுங்கள். கோலிஸ்டின் பக்கம் போகவே கூடாது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் மருந்து என்பதால், உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதை இந்தியா 2019-இல் தடை செய்துவிட்டது. அதற்கான எதிர்ப்பு மரபணு ஒன்றும் டிரான்ஸ்போசான் மூலம் பிளாஸ்மிட்டில் ஏறியிருப்பதை 2015-இல் சீனாவில் கண்டார்கள்.

மருந்தை நிறுத்தியதும் ஒரே பேட்ச்சில் 'ஆர்' எல்லாம் 'எஸ்' ஆகிவிடாது. பொறுமை வேண்டும். அதுவரை நோயே வராமல் பார்ப்பதுதான் வழி. கோழியில் ஈ.கோலை பெரும்பாலும் வேறொன்று வழிவிட்ட பிறகு நுழைவது. தண்ணீர் நிப்பிள் ஒழுகி, தரையில் விரித்த நார்த்தூள் நனைந்தால் அமோனியா ஏறும், மூச்சுக்குழாய் புண்ணாகும், கிருமி உள்ளே போகும். நார்த்தூளை அடிக்கடி கிளறிவிடுங்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குப் பயந்து படுதாவை முழுவதும் இறக்கிவைப்பார்கள். மேலே ஒரு முழமாவது திறந்திருக்கட்டும். பேட்ச் முடிந்ததும் தண்ணீர்க் குழாய்களின் உள்ளே படிந்த வழுவழுப்பைக் கழுவித் தள்ளுங்கள். பாக்டீரியாக்கள் நெருங்கி உட்கார்ந்து பிளாஸ்மிட்டைக் கைமாற்றிக்கொள்ளத் தோதான இடம் அது.

எருவை நேராகத் தென்னந்தோப்புக்கு அனுப்பாமல், குவித்து மூடி மக்கவிடுங்கள். குவியலின் உள்ளே 55 டிகிரி சூடு தொடர்ந்து மூன்று நாளாவது இருந்தால் ஈ.கோலை பெருமளவு சாகும். ஓரத்தில் இருப்பது உள்ளே போகும்படி புரட்டிப்போட வேண்டும். எதிர்ப்பு மரபணுக்கள் முழுவதும் அழிந்துவிடாது, ஆனால் குறையும்.

வீட்டாரைப் பற்றிக் கேட்டீர்கள். கொதித்து வெந்த கறியில் ஈ.கோலை பிழைக்காது. பச்சைக் கறி வெட்டிய பலகையிலேயே வெங்காயம் நறுக்குவதுதான் ஆபத்து. ஷெட்டுக்கென்று தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் யாருக்காவது சிறுநீர்த் தொற்று வந்தால், கோழிப்பண்ணை வைத்திருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். கல்ச்சர் எடுத்துப் பார்த்து மருந்து எழுத அவருக்கு அது உதவும்.