பலூ கரடியின் பென்சில் தாளை வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. திருச்சியில் வேலை பார்க்கிறேன். சின்ன வயதில் கேசட் தேயும்வரை ‘ஜங்கிள் புக்’ கார்ட்டூன் படத்தைப் பார்த்தவன். 1967-இல் வந்த அந்தப் படத்துக்காக வரைந்த பலூ கரடியின் அசல் பென்சில் ஓவியம் ஒன்று வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் இருக்கிறது. சான்றிதழும் தருவதாகச் சொல்கிறார். விலை என் இரண்டு மாதச் சம்பளம். “ஒரு பென்சில் தாளுக்கா இவ்வளவு?” என்கிறார் மனைவி. வாங்கலாமா? அசல்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தம்பி, உங்கள் மனைவி கேட்டது நல்ல கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

‘ஜங்கிள் புக்’கை எடுத்த டிஸ்னி நிறுவனத்தின் ‘ஸ்னோ ஒயிட்’ படம் வந்த 1937-இல், அனிமேட்டர் தாளில் பென்சிலால் வரைவார். மை தீட்டும் பிரிவில் இருந்த பெண்கள் அதன்மேல் கண்ணாடி போன்ற ‘செல்’ ஷீட்டை வைத்து, ஒவ்வொரு கோட்டையும் கையால் மையில் எடுப்பார்கள். திரையில் தெரிந்தது அவர்கள் இழுத்த கோடு. டிஸ்னியில் வேலை பார்த்த அப் ஐவர்க்ஸ் ஜெராக்ஸ் முறையை அனிமேஷனுக்குக் கொண்டுவந்த பிறகு இது மாறிவிட்டது. 1961-இல் வந்த ‘101 டால்மேஷன்ஸ்’ முழுக்க அந்த முறையில் எடுத்த படம். பென்சில் கோடு அப்படியே செல்லில் பதிந்தது. ‘ஜங்கிள் புக்’கும் அதே முறைதான். படத்தை மறுபடி பார்க்கும்போது பலூவின் தோள் ஓரத்தைக் கவனியுங்கள், கோடு லேசாகப் பிசிறடிக்கும். அது பென்சிலின் பிசிறு. நீங்கள் வாங்க நினைக்கும் தாள் உண்மையாகவும், செல்லில் பதிக்க முடித்த தாளாகவும் இருந்தால், சின்ன வயதில் டிவியில் பார்த்த அதே கோடு உங்கள் கைக்கு வருகிறது. இதை மனைவியிடம் சொல்லிப் பாருங்கள். அதன் பிறகும் வேண்டாம் என்றால், அந்தப் பேச்சை உங்கள் இருவரிடமே விட்டுவிடுகிறேன். கடன் வாங்கி மட்டும் இதை வாங்காதீர்கள். நாளைக்கு விலை ஏறும் என்ற கணக்கிலும் வாங்காதீர்கள்.

இனி, அசலா போலியா என்ற விஷயம். சான்றிதழ் ஒரு காகிதம்தான், விற்பவரே அடித்துக் கொடுக்கலாம். ஓவியத்தின் தாளைத்தான் நம்ப வேண்டும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும், சாய்வாக வெளிச்சம் விழும்படி படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கை அழுத்தி வரைந்த தாளின் முதுகில் கோடு லேசாகப் புடைத்திருக்கும். பென்சில் கரியான கிராஃபைட் சாய்த்துப் பார்த்தால் மினுங்கும். பிரிண்ட் எடுத்தது எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே மட்டமாகக் கிடக்கும். தாளின் ஓரத்தில் பெக் துளைகள் இருக்க வேண்டும். வரைபவரின் மேசையில் உள்ள முளைகளில் மாட்டி, முந்தைய தாளோடு பொருத்திப் பார்ப்பதற்கான துளைகள் அவை. 1930களின் தொடக்கத்தில் டிஸ்னி தாள்களில் இரண்டு வட்டத் துளைகள்தான் இருந்தன, பிற்காலத் தாள்களில் ஐந்து வரை உண்டு. ‘ஜங்கிள் புக்’ தாள் என்று சொல்லி இரண்டு துளைத் தாளைக் காட்டினால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கீழ் மூலையில் ஒரு வரிசை எண் இருக்கும். வட்டமிட்ட எண் என்றால் பெரும்பாலும் அது ‘கீ’ ஓவியம், அசைவின் முக்கியமான நிலை. அதன் பக்கத்தில் ஏணி மாதிரி சின்னதாக ஒரு கோட்டுப்படம் இருந்தால், இடைப்பட்ட ஓவியங்களை எந்த இடைவெளியில் போட வேண்டும் என்று உதவியாளருக்கு அனிமேட்டர் எழுதிய குறிப்பு அது. அப்படிப்பட்ட தாள் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்.

படத்தோடும் ஒப்பிட வேண்டும். பலூ வரும் காட்சியை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, அதே நிலை வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். வினாடிக்கு 24 ஃபிரேம், ஒரு ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தால் வினாடிக்கு 12 தாள். பொறுமையாகத் தேடினால் கிடைத்துவிடும். ஆனால் திரையைப் பார்த்து ஒற்றியெடுத்த போலியும் பொருந்தத்தானே செய்யும்? அதற்கு ஒரு வழி உண்டு. பாத்திரத்தைத் தனித்தாளில் வரைவதால், மௌக்லியோ புதரோ மறைக்கும் இடத்திலும் பலூவின் காலோ கையோ வரைந்திருக்கும். திரையின் விளிம்பைத் தாண்டியும் கோடு கொஞ்சம் ஓடும். போலி ஓவியம் திரையில் தெரிவதோடு நின்றுவிடும். அதனால் பலூ தனியாக நிற்கும் காட்சியைவிட, எதனாலோ பாதி மறைந்திருக்கும் காட்சியின் தாள் சோதனைக்கு நல்லது.

‘சீரிசெல்’, ‘லிமிடெட் எடிஷன்’ என்ற சொற்கள் கண்ணில் பட்டால், அவை விற்பதற்காகவே தயாரித்தவை, படமெடுப்பில் பயன்படாதவை. சுவரில் மாட்ட அழகாக இருக்கும், ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்ல. ‘டிஸ்னி அனிமேட்டர் ஆலி ஜான்ஸ்டன் வரைந்தது’ என்று சொன்னாலும் உடனே மயங்காதீர்கள். பலூவின் பல முக்கியக் காட்சிகளுக்கு உயிர் கொடுத்தவர் அவர்தான், ஷேர் கான் புலியை வரைந்தவர் மில்ட் கால் என்ற அனிமேட்டர். ஆனால் அவர்கள் போட்ட கீ ஓவியங்களுக்கு இடையிலும், அவற்றின் கோடுகளைத் தெளிவாகத் திருத்தி வரைவதிலும் உதவியாளர்களின் கை உண்டு.

என் தனிப்பட்ட விருப்பத்தைச் சொன்னால், சுத்தமாக முடித்த தாளைவிட, முதலில் தேடித் தேடி வரைந்த ரஃப் தாள்தான் மனதைத் தொடுகிறது. என்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. ஒரு கரடியின் முதுகு, முகமே தெரியாது, அதனால்தான் என் பணத்துக்குக் கிடைத்தது. தோள் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று சிவப்புப் பென்சிலால் நாலு தடவை தேடியிருக்கிறார் வரைந்தவர். ஐந்தாவது முறை கறுப்புப் பென்சில் ஒரே வீச்சில் இறங்கியிருக்கிறது. அந்த ஐந்தாவது கோட்டைப் பார்க்கத்தான் நான் அதை அடிக்கடி எடுக்கிறேன். முதல் தாளாக நீங்களும் இப்படி முகம் காட்டாத ஒன்றைத் தேடினால் இரண்டு மாதச் சம்பளம் தேவைப்படாது.

இதைச் சொல்லும்போது ஒரு வருத்தமும் வருகிறது. வாங்கியதும் பக்கத்துக் கடையில் ஃபிரேம் போடக் கொடுத்தேன். அட்டையில் பசை தடவி ஒட்டிவிட்டார்கள். நாலு வருடத்தில் பசை தடவிய இடமெல்லாம் பழுப்பாகப் பூத்துவிட்டது, அதை எடுக்க வழியில்லை. நீங்கள் கடைக்காரரிடம் நின்று சொல்லுங்கள்: ஒட்டக் கூடாது, லேமினேஷன் கூடவே கூடாது, ஓரத்தை வெட்டவும் கூடாது (துளைகள் போய்விடும்). அமிலமில்லாத அட்டை போட வேண்டும், கண்ணாடி தாளில் படாமல் இடைவெளி விட வேண்டும். வெயில் விழாத உட்சுவரில் மாட்டுங்கள். குளியலறைக்கு முதுகு காட்டும் சுவர் வேண்டாம், மழைக்காலத்தில் ஓதம் ஏறும்.

பணம் அனுப்பும் முன், தாளின் பின்பக்கப் படத்தையும் பெக் துளைகளின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். அவற்றை அனுப்பத் தயங்குபவரிடம் சான்றிதழ் எத்தனை இருந்தாலும் வாங்க வேண்டாம்.