பதில் எழுதிப் பெயர் வாங்குவது

அன்புள்ள ஐயா,

எட்டு வருடமாகக் கணக்கியல் துறையில் இருக்கிறேன். தனியாக ஆலோசகராகப் போகும் எண்ணம் இருக்கிறது. ஆறு மாதமாக லிங்க்ட்இன், கேள்வி-பதில் தளமான கோரா இரண்டிலும் தினமும் நாலைந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். லைக் பத்தைத் தாண்டுவதில்லை. "ஓசியில் ஏன் சொல்லிக்கொடுக்கிறாய்?" என்கிறார்கள் நண்பர்கள். இதனால் தொழிலில் மதிப்பு கூடுமா? என் பதில்களில் மூன்றை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கூடும். ஆனால் தினமும் நாலைந்து என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. வேலைக்கும் போய்க்கொண்டு அத்தனை பதில் எழுதினால், கேள்வியை முழுசாகப் படிக்கவே நேரம் இருக்காது. வாரத்துக்கு ஒன்று போதும்.

என் கதை ஒன்று. எக்செலில் விலுக்கப் (ஒரு பெயரைப் பட்டியலில் தேடி அதற்கு நேரே உள்ள விவரத்தை எடுத்துத் தரும் ஃபார்முலா) போட்டால், பட்டியலில் கண்ணெதிரே இருக்கிற பெயரையே 'இல்லை' என்று காட்டுகிறது என ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு முன்பே ஏழெட்டுப் பேர் பதில் போட்டிருந்தார்கள், எல்லாம் "ஃபார்முலாவைச் சரிபாருங்கள்" ரகம். நான் பெரிய ஆளாட்டம், "பெயருக்குப் பின்னால் இடைவெளி ஒட்டியிருக்கும், அதை நீக்கும் ட்ரிம் ஃபார்முலாவைப் போடுங்கள்" என்று எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால், "போட்டேன், அப்படியேதான் இருக்கிறது" என்று அவர் எழுதியிருக்கிறார். கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. லென் போட்டு எழுத்துகளை எண்ணச் சொன்னேன். ஒன்று அதிகம் வந்தது. தரவு எங்கிருந்து வந்தது என்று அப்புறம்தான் கேட்டேன். ஓர் இணையப் பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டினாராம். சரி, பிடிபட்டது. கணினிக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. சாதாரண இடைவெளிக்கு எண் 32. இணையப் பக்கங்களில் வரும் இன்னொரு வகை இடைவெளிக்கு எண் 160. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் ட்ரிம் 32-ஐ மட்டும்தான் நீக்கும். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கும் சப்ஸ்டிட்யூட் போட்டு 160-ஐத் தூக்கியதும் விலுக்கப் வேலை செய்தது.

பழைய பதிலை நான் அழிக்கவில்லை. "முதலில் சொன்னது இங்கே பொருந்தாது, காரணம் இது" என்று அதன் தலையிலேயே எழுதிவைத்தேன். ஆறோ ஏழோ லைக் விழுந்தது. ஒரு வருடம் கழித்து எனக்கு வேலை கொடுத்தவர் அந்தப் பதிலைப் படித்திருந்தார். 160 அவருக்கு நினைவில்லை. தவறை ஒப்புக்கொண்டு திருத்தியதுதான் நினைவிருந்தது. லைக் போட்டவர்களில் அவர் இல்லை. படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவர்கள்தான் இதில் முக்கால்வாசி.

புள்ளிகளையும் பட்டங்களையும் நம்பி உட்காராதீர்கள். லிங்க்ட்இனிலேயே 2007-ல் 'ஆன்சர்ஸ்' என்று ஒரு பகுதி வந்தது. சிறந்த பதில் என்று கேட்டவர் தேர்ந்தெடுத்தால் நிபுணர் என்ற பெயர் கிடைக்கும். அதற்காக ராப்பகலாக எழுதியவர்கள் உண்டு. 2013 ஜனவரியோடு அந்தப் பகுதியையே மூடிவிட்டார்கள். யாஹூ ஆன்சர்ஸ் 2021-ல் போனது. நல்ல பதில்களுக்கு உங்களிடம் ஒரு நகல் இருக்கட்டும்.

வேகத்தில் போட்டிபோடவும் இனி முடியாது. 2022 டிசம்பரில் நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, சாட்ஜிபிடி எழுதிய பதில்களுக்குத் தடை போட்டது. பார்க்கச் சரியாகத் தோன்றி, உள்ளே தப்பாக இருந்த பதில்கள் குவிந்ததுதான் காரணம். "இந்தத் தரவு எங்கிருந்து வந்தது?" என்று திருப்பிக் கேட்கிற ஆளுக்கு இன்னும் இடம் இருக்கிறது.

ஓசி விஷயத்தில் என் கோடு இது: எல்லோருக்கும் பொதுவானதை இலவசமாகச் சொல்லலாம். ஒருவருடைய பேரேட்டைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றால் அது கட்டண வேலை. வரி பற்றி எழுதினால் எந்த நாடு, எந்த ஆண்டு நிலவரம் என்று குறிப்பிடுங்கள். இப்போதைய முதலாளியின் கணக்கை மட்டும் உதாரணமாக எடுக்கவே வேண்டாம், பெயரை மறைத்தாலும்.

நீங்கள் அனுப்பிய மூன்றில் இரண்டாவது எனக்குப் பிடித்தது. லாபம் குறைவாகக் காட்டும்போது வங்கியில் மட்டும் பணம் எப்படி அதிகம் இருக்கிறது என்ற கேள்விக்கு, தேய்மானத்தை (இயந்திரம் போன்றவற்றின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதை) செலவாக எழுதுகிறோமே தவிர அந்த ஆண்டில் அதற்காகப் பணம் வெளியே போவதில்லை என்று நாலே வரியில் புரியவைத்திருக்கிறீர்கள். கடைசியில் "மேலும் விவரங்களுக்கு என்னை அணுகவும்" என்று இருக்கிறதே, அதை மட்டும் எடுத்துவிடுங்கள். உங்கள் பெயரைத் தொட்டாலே சுயவிவரம் திறக்கும், வேண்டியவர் வருவார்.