உறைகுளிரில் நீச்சல் குளம்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

இன்று இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகுமாம். குளத்துத் தண்ணீரை முழுதாக இறைத்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம். அவ்வளவு தண்ணீர் ஒரே இரவில் உறைந்துபோகாது. மேலே பால் ஏடு மாதிரி மெல்லிய பனிக்கட்டி படியும், அவ்வளவுதான். காலிக் குளத்துக்குத்தான் ஆபத்து அதிகம். சுற்றியுள்ள மண்ணில் நீர் ஊறி நின்றால், உள்ளே எடை இல்லாத தொட்டியை அது படகைத் தூக்குவது போலத் தூக்கிவிடும். கான்கிரீட் குளம்கூட எழும்பி விரிசல் விட்டுவிடும். வினைல் விரிப்பு போட்ட குளமானால் விரிப்பு சுருங்கிக் கிழியும்.

உங்கள் கவலையெல்லாம் பம்பு, ஃபில்டர், ஹீட்டர், அவற்றை இணைக்கும் குழாய்கள் மேல் இருக்கட்டும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். குளத்தில் அது மேலே எழும்ப இடம் உண்டு. பம்பின் மூடிக்குக் கீழே, குப்பைக் கூடையைச் சுற்றி நிற்கும் கொஞ்சம் தண்ணீருக்கு அந்த இடம் கிடையாது. பம்பின் பெட்டியைப் பிளந்துகொண்டுதான் விரியும்.

பம்பை இரவு முழுக்க ஓட்டினால் மின்கட்டணம் ஏறுமே. இடையிடையே நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். புதுப் பம்பின் விலைக்கு முன்னால் அந்தக் கட்டணம் ஒன்றுமே இல்லை. காற்றின் வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும்போதே ஓட விடுங்கள். திரும்ப அதைத் தாண்டி ஏறும்வரை ஓடட்டும். டைமர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். பெரும்பாலும் விடியும் நேரத்தில்தான் குளிர் உச்சத்தில் இருக்கும், அந்த நேரம் பார்த்து டைமர் பம்பை அணைத்துவிடும். அதைத் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. பம்பு ஓடினால் மட்டும் போதாது, எல்லாக் குழாயிலும் தண்ணீர் நகர வேண்டும். செயற்கை அருவி, வெந்நீர்த் தொட்டி என்று தனித்தனியாகக் குழாய் பிரிந்தால் அந்த வால்வுகளைக் கொஞ்சமாவது திறந்து வையுங்கள். குளத்துக்குள் தண்ணீர் திரும்பி வரும் ஒவ்வொரு துவாரத்துக்கும் எதிரே கையை வைத்துப் பாருங்கள். கையைத் தள்ளுகிற வேகம் எங்கே இல்லையோ, அந்தக் குழாய்தான் முதலில் உறையும்.

சென்ற குளிர்காலத்தில் நடுராத்திரி மின்சாரம் போய்ப் பம்பு உடைந்துவிட்டது. ஜெனரேட்டர் இல்லை. மறுபடி அப்படி நடந்தால் என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதல் வேலை, பம்புக்கு மின்சாரம் தரும் பிரேக்கரை அணைப்பது. இல்லாவிட்டால் நீங்கள் தண்ணீரை வடித்த பிறகு மின்சாரம் வந்து, பம்பு வறட்டு ஓட்டம் ஓடி, நீர் கசியாமல் தடுக்கும் சீல் கருகிவிடும். ஹீட்டர் எரிவாயுவில் ஓடினால் அதையும் மூடிவிடுங்கள். அடுத்து, குளத்துக்குப் போகும், வரும் வால்வுகள் இரண்டையும் மூடுங்கள். பம்பு குளத்து நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் இது கட்டாயம். மறந்தால் குளமே அந்த வழியாக வடியத் தொடங்கும்.

இப்போது ட்ரெயின் பிளக்குகள், அதாவது தண்ணீரை வடிக்கும் துளைகளின் அடைப்பான்கள். பம்பின் அடியில் கட்டைவிரல் பருமனில் திருகாணி போல இருக்கும், பெரும்பாலும் இரண்டு. ஃபில்டரின் அடியில் ஒன்று, ஹீட்டரிலும் உண்டு. எல்லாவற்றையும் கழற்றுங்கள். பம்பின் மூடியையும் ஃபில்டர் உச்சியில் இருக்கும் காற்று வால்வையும் திறந்தால்தான் தண்ணீர் முழுதாக இறங்கும். கழற்றிய பிளக்குகளை ரப்பர் வளையத்தோடு பம்பின் கூடைக்குள்ளேயே போட்டு வையுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன். பனி உருகிய பிறகு தேடி அலைய வேண்டாம். வெளியே தெரியும் குழாய்களைப் பழைய கம்பளியால் சுற்றி, மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டிவிடுங்கள்.

தயவுசெய்து இதை ஒருமுறை பகல் வெளிச்சத்தில் செய்து பழகுங்கள். விறைத்த விரல்களோடு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, எந்தப் பிளக் எங்கே என்று தேடுவது மிகக் கஷ்டம்.

எங்களுடையது உப்புநீர்க் குளம். உறையாதுதானே?

உறையும். கடல்நீரில் உள்ள உப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் உங்கள் குளத்தில் இருக்கும். உறைநிலை 0.2 டிகிரி அளவுக்குத்தான் இறங்கும். மற்றவர்கள் செய்வதையெல்லாம் நீங்களும் செய்யுங்கள்.

குழாய்க்குள் காருக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸை (உறையாமல் தடுக்கும் திரவத்தை) ஊற்றலாமா?

கூடாது. அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால், அது விஷம். குளங்களுக்கென்றே புரொப்பிலீன் கிளைக்காலில் தயாரித்தது கிடைக்கும். சீசன் முடிந்து குளத்தை மூடும்போது, குழாய்களில் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்றிய பிறகு அதை ஊற்றலாம்.

மேலே கட்டிய பனிக்கட்டியைச் சுத்தியலால் உடைக்கலாமா? குழந்தைகள் அதன்மேல் நிற்க ஆசைப்படுகிறார்கள்.

அடிக்காதீர்கள். அதிர்வு சுவர் ஓடுகளையும் விரிப்பையும் சேதப்படுத்தும். மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மரின் வாய்ப்பகுதியில் மெல்லிதாகக் கட்டியிருந்தால் கம்பால் மெதுவாக அழுத்திவிடுங்கள், போதும்.

குழந்தைகள் விஷயத்தில் துளியும் இடம் கொடுக்காதீர்கள். ஓரத்தில் கெட்டியாக இருக்கும் கட்டி நடுவில் விரல் பருமன்கூட இருக்காது. கட்டிக்கு அடியில் விழுந்த குழந்தைக்கு, விழுந்த ஓட்டை திரும்பக் கண்ணில் படாது. குளிர்காலத்தில் யாரும் நீந்துவதில்லை என்று வேலிக் கதவைத் திறந்து போடாமல் பூட்டியே வையுங்கள்.

காலையில் சுவிட்சைப் போட்டேன். பம்பு உறுமுகிறது, சுற்றவில்லை.

உடனே அணையுங்கள். உள்ளே பனிக்கட்டி இறுகியிருக்கிறது. நெருப்பு காட்டாதீர்கள், கொதிநீரும் ஊற்றாதீர்கள். வெயில் ஏறித் தானாக உருகட்டும். விரிசல் இருந்தால் உருகும்வரை தெரியாது, கட்டியே அதை அடைத்துக்கொண்டிருக்கும். உருகியதும் பம்பின் அடிப்பக்கம், மூடியின் விளிம்பு, குழாய் இணைப்புகள் எல்லாவற்றையும் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். துடைத்த இடம் மறுபடி ஈரமானால் சுவிட்சைத் தொடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். காய்ந்தே இருந்தால் ஃபில்டரின் காற்று வால்வைத் திறந்து வைத்துப் பம்பைப் போட்டு, அதில் தண்ணீர் சீராக வந்ததும் மூடுங்கள்.