நம் ஊரில் அதிகம் அறியப்படாத விளையாட்டு வீரர்களில் உங்கள் மனத்தில் நிலைத்தவர் யார்?

சாண்ட்ரா ஷ்மிர்லர். கனடாவின் கர்லிங் வீராங்கனை.

கர்லிங் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. சுமார் 20 கிலோ எடையுள்ள கருங்கல்லைப் பனித்தரையில் வழுக்கிவிட்டு, மறுகோடியில் வரைந்த வட்டத்தின் மையத்துக்கு அருகே நிறுத்த வேண்டும். எதிரணியின் கல்லை அடித்து விரட்டலாம். முன்னால் இன்னொரு கல்லை நிறுத்தி நம் கல்லை மறைத்தும் காக்கலாம். துடைப்பம் பிடித்தவர்கள் கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடுவது, அது இன்னும் சற்றுத் தூரமும் சற்று நேராகவும் போவதற்காக. கேரம் ஆடிய கைக்கு இதன் சூட்சுமம் சட்டென்று பிடிபடும். எனக்கும் அப்படித்தான் இதில் ஈர்ப்பு வந்தது.

ஷ்மிர்லர் பிறந்தது 1963இல், சஸ்காச்சுவன் மாகாணத்தின் பிக்கர் என்ற சிற்றூரில். பிறகு ரெஜைனா நகரில் ஒரு நீச்சல்குள வளாகத்தில் மேற்பார்வையாளராக வேலை பார்த்தார். ஜேன் பெட்கர், ஜோன் மெக்கஸ்கர், மார்சியா குடரைட் மூவரும் அவருடைய அணியினர். 1993, 1994, 1997 என மூன்று முறை கனடாவின் பட்டத்தையும், அதே ஆண்டுகளில் உலகப் பட்டத்தையும் இந்த நால்வரும் வென்றார்கள். கனடாவில் வெல்வதே பெரும்பாடு. அங்கே ஊருக்கு ஊர் கர்லிங் அரங்கம் உண்டு.

ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது 1997 நவம்பரில் பிராண்டன் நகரில் நடந்த ஒலிம்பிக் தேர்வுப் போட்டியைத்தான். செப்டம்பரில்தான் அவருக்கு முதல் குழந்தை சாரா பிறந்திருந்தாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டே இறுதிப் போட்டிவரை வந்துவிட்டார். எதிரே ஷனான் கிளைப்ரிங்க்கின் அணி. ஏழாவது சுற்றில் எதிரணியின் கல் மையத்தைப் பிடித்துக்கொண்டு மறைவாக நின்றது. நேராக அடிக்க வழியில்லை. ஷ்மிர்லர் பக்கவாட்டில் நின்ற ஒரு கல்லைக் குறிவைத்தார். அவர் விட்ட கல் அதில் பட்டு, உள்பக்கமாகத் தெறித்து, மையத்தில் இருந்த கல்லைத் தூக்கியடித்தது. ஒரே வீச்சில் மூன்று புள்ளிகள்! ஆட்டம் 9–6 என்று முடிந்தது. அதை அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்படி ஒரு வழி இருக்கிறது என்று அந்த நெருக்கடியில் கண்டுபிடிக்கவே தனிக் கண் வேண்டும்.

அடுத்த பிப்ரவரியில் ஜப்பானின் நாகானோ ஒலிம்பிக். பெண்கள் கர்லிங்குக்கு முதன்முறையாக ஒலிம்பிக் பதக்கம் வழங்கப்பட்டது அங்கேதான். அரையிறுதியில் பிரிட்டனைக் கூடுதல் சுற்றில் 6–5 என்று தாண்டி, இறுதியில் டென்மார்க்கை 7–5 என்று வென்று, அந்த முதல் தங்கத்தை இந்த அணி வாங்கியது.

1999 ஜூனில் இரண்டாவது மகள் ஜென்னா பிறந்தாள். அதே ஆண்டில் ஷ்மிர்லருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவிலும், 2000 பிப்ரவரியில் மாங்டன் நகருக்குப் போய் இளையோர் போட்டிக்குத் தொலைக்காட்சி வர்ணனை செய்தார். அங்கே செய்தியாளர்களிடம் தன் நோயைப் பற்றிப் பேசியபோது தன் ஆசைகளையும் சொன்னார். குடும்பத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும். இதுவரை நேரமே வாய்க்காத விடுமுறையில் வெயிலடிக்கும் ஊருக்குப் போய் மணலில் கால் வைக்க வேண்டும். மறுபடியும் கர்லிங் ஆட வேண்டும். மெரினா மணலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் அந்த இரண்டாவது ஆசை எனக்கு நினைவுக்கு வரும்.

மார்ச் 2ஆம் தேதி இறந்துபோனார். வயது 36. அவருடைய இறுதிச் சடங்கு நாடு முழுவதும் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. அப்போது சஸ்கட்டூனில் நடந்துகொண்டிருந்த ஆண்களின் தேசியப் போட்டியில், பிற்பகல் ஆட்டங்களை அதற்காகவே தாமதமாகத் தொடங்கினார்கள். அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளை, குறைமாதத்திலும் நோயோடும் பிறக்கும் குழந்தைகளுக்காகக் கனடாவின் மருத்துவமனைகளுக்குக் கருவிகள் வாங்கித் தருகிறது.