பம்பரில் கை வைக்கும் முன்: பட்டறைக் கேள்வி பதில்

கோத்தகிரியில் எஸ்டேட் ஜீப்புகளுக்கு வேலை பார்க்கும் சின்னப் பட்டறை என்னுடையது. முன் பம்பரை வீட்டிலேயே மாற்றிக்கொள்வது பற்றி மாதத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். அப்படி வந்த சில கேள்விகளும், கேட்டவரின் ஊரோடு, நான் சொன்ன பதில்களும் இவை.

ஊட்டி: அண்ணா, போன வருடம் புது மஹிந்திரா தார் ஜீப் எடுத்தேன். கம்பெனி பம்பரைக் கழற்றிவிட்டு இரும்பில் ஒன்று அடித்து மாட்டலாமா? பக்கத்து வீட்டு வண்டியில் இருக்கிறதே.

பக்கத்து வீட்டு வண்டி இன்னும் சோதனையில் மாட்டவில்லை, அவ்வளவுதான் தம்பி. 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது: முன்னால் மாட்டும் கிராஷ் கார்டு, புல் பார் என்ற காப்புக் கம்பிகள் எல்லாம் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுக்கு எதிரானவை. 2019-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, இல்லாவிட்டால் இரண்டுமே.

அபராதத்தைக் கட்டிவிடலாம் என்பீர்கள். ஏர்பேக்கை என்ன செய்வீர்கள்? மோதும்போது வண்டி எவ்வளவு சடாரென்று நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் சென்சார் ஏர்பேக்கை விரிக்கும். அந்தக் கணக்கைக் கம்பெனி போட்டது தன்னுடைய பம்பரையும் அதன் பின்னால் அடியைத் தாங்க இருக்கும் குறுக்குச் சட்டமான பீமையும் வைத்து. அங்கே கட்டி இரும்பை மாட்டினால் கணக்கு மாறிவிடும். விரிய வேண்டாத இடத்தில் விரியலாம், விரிய வேண்டிய நேரத்தில் தாமதிக்கலாம். நசுங்க வேண்டியது நசுங்காவிட்டால் அந்த அடி நேராக உள்ளே இருப்பவருக்கு வரும். ரோட்டோரம் நடந்து போகிறவர் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். ஏர்பேக் உள்ள வண்டிக்கு இரும்பு பம்பர் அடித்துக் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். வேறு பட்டறையில் அடித்துக் கொடுப்பார்கள், அது அவர்கள் பாடு.

குன்னூர்: அப்படியானால் கம்பெனி பிளாஸ்டிக் பம்பரின் கீழ்ப்பகுதியை மட்டும் வெட்டலாமா? தோட்டத்துப் பாதையில் ஏறும்போது உரசுகிறது.

வெட்டலாம். ஆனால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பம்பரைக் கழற்றித் தரையில் வைத்து, உள்பக்கம் பீமும் சென்சார் ஒயரும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். பீமைத் தொடவே கூடாது. மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் கோடு போட்டு, கோட்டுக்கு ஒரு விரல் வெளியே ஆக்ஸா பிளேடால் அறுக்க வேண்டும். கிரைண்டர் வேண்டாம், பிளாஸ்டிக் உருகிப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். பிறகு அரத்தால் கோடு வரை தேய்த்து, விளிம்பில் ரப்பர் பீடிங் மாட்டுங்கள். வலது பக்கம் வெட்டிய துண்டையே இடது பக்கத்துக்கு அச்சாக வையுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கோடு போட்டவர்களின் வண்டி கோணல் வாயோடு சிரிக்கும்.

கேத்தி பாலாடா: என்னிடம் இருப்பது பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப். கேரட் ஏற்றத் தோட்டத்துக்குள் இறங்கினால் பம்பர் முனை மண் திட்டில் குத்துகிறது.

உங்களுக்குத்தான் உண்மையில் வேலை இருக்கிறது. பழைய ஜீப்பில் கம்பெனி பம்பரே இரும்புச் சேனல்தான். அதே அளவில், அதே போல்ட்டில் மாற்றிப் போட்டால் அது பழுது பார்ப்பது. கொம்பு முளைக்க வைத்தால் அது வேறு கதை.

முதலில் அளந்து பாருங்கள். சமதளமான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். (நம் ஊரில் அது கோயில் வாசலில்தான் கிடைக்கும்.) தரையிலிருந்து, முன் டயரின் முன்பக்கத்தைத் தொட்டபடி, பம்பரின் கீழ் விளிம்புக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். அந்த நூலுக்கும் தரைக்கும் நடுவில் உள்ள கோணம்தான் வண்டி முட்டாமல் ஏறக்கூடிய சரிவு. செல்போனை நூலோடு சேர்த்துப் பிடித்தால் அதுவே கோணத்தைக் காட்டிவிடும். நடுவில் அளந்தால் மட்டும் போதாது, முனையிலும் அளக்க வேண்டும். நம் பாதைகளில் நேராக ஏறுவதை விடத் திரும்பிக்கொண்டே ஏறுவதுதான் அதிகம், அப்போது முட்டுவது முனைதான்.

அதனால் பம்பரை உயர்த்த வேண்டியதில்லை. டயருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரு முனைகளையும் கீழிருந்து மேலாகச் சாய்வாக வெட்டிவிடுங்கள். வெட்டிய வாயை 3 மி.மீ. தகட்டால் மூடி, ஓரத்தை மழுங்கத் தேய்க்க வேண்டும். எஸ்டேட் பாதையில் இலை மூட்டையோடு ஒதுங்கி நிற்கும் பெண்களின் முழங்கால் உயரத்தில்தான் அந்த முனை போகிறது.

அரவேணு: பம்பருக்கே தகடு 6 மி.மீ. போட்டால் பலமாக இருக்குமா?

எடையைக் கணக்குப் பாருங்கள். ஒரு மி.மீ. கனத்தில் ஒரு சதுர மீட்டர் இரும்பு 7.85 கிலோ. ஒன்றரை மீட்டர் நீளம், கால் மீட்டர் உயரத்துக்கு 6 மி.மீ. தகடு கிட்டத்தட்ட 18 கிலோ. 3 மி.மீ. என்றால் அதில் பாதி. இது முகத் தகடு மட்டும். மடிப்பு, பைப், பிராக்கெட் எல்லாம் சேர்ந்தால் ஒரு ஆளைத் தூக்கி முன்னால் உட்கார வைத்த மாதிரி. முன் சக்கர அச்சுக்கு முன்னால் தொங்கும் எடை முன் பட்டைகளை (வில் ஸ்பிரிங்) அழுத்தும், ஸ்டியரிங் கனக்கும். என் முதல் ஜீப்பில் நானே 10 மி.மீ. தகடு போட்டேன். ஒரு வருடத்தில் பட்டை உட்கார்ந்து, குழியில் இறங்கினால் அச்சு டங்கென்று சேஸில் (வண்டியின் அடிச்சட்டம்) இடித்தது. இளமைத் திமிர்.

கட்டபெட்டு: அண்ணா, என் வீட்டுக்காரர் வாசலிலேயே வெல்டிங் வைக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

பயப்படுவது சரிதான் அம்மா. பம்பரைக் கழற்றித் தனியாக வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். வண்டியிலேயே வைத்தாக வேண்டும் என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டட்டும். 3 மி.மீ. தகட்டுக்கு 2.5 மி.மீ. 6013 ராடு, 70-80 ஆம்பியர் போதும். பழைய தண்ணீர் பைப்பை எடுத்து வந்தால் தடுத்துவிடுங்கள். அதன் மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்க்காய்ச்சல் மாதிரி நடுக்கும். பிள்ளைகள் அந்த ஒளியைப் பார்க்கக் கூடாது. பெட்ரோல் கேனும் காஸ் சிலிண்டரும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

பூம்பாறை: பூண்டு மூட்டையோடு சேற்றில் மாட்டினேன். டிராக்டர் இழுத்ததில் பம்பரே கையோடு வந்துவிட்டது. கொக்கியை இன்னும் பலமாக வெல்டிங் வைக்கவா?

வெல்டிங் தாங்கியிருக்கும், பம்பரைப் பிடித்திருந்த போல்ட்தான் போயிருக்கும். இழுக்கும் கொக்கி பம்பரில் தொங்கக் கூடாது, சேஸில் தொங்க வேண்டும். 10 மி.மீ. தகட்டில் பிராக்கெட் செய்து, சேஸின் பக்கவாட்டில் 8.8 என்று தலையில் குறி போட்ட 12 மி.மீ. போல்ட்டுகளால் மாட்டுங்கள். சேஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓட்டை போடாதீர்கள், பாரம் தாங்குவதே அந்த விளிம்புகள்தான். பெட்டி வடிவச் சேஸ் என்றால் போல்ட் போகும் வழியில் உள்ளே ஒரு பைப் துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் முடுக்க முடுக்கச் சேஸ் உள்ளே நசுங்கும். கயிற்றைக் கோக்கும் வளையமான ஷேக்கிளில் 4.75 டன் என்று பொறித்திருக்க வேண்டும். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கைப் போட்டு, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அறுந்த கம்பிக் கயிறு சாட்டை மாதிரி வீசும்.

கூடலூர்: பெயின்ட் அடித்து ஒரு மழைக்காலம் தாண்டுவதில்லை.

துரு உள்ளிருந்து வருகிறது. பம்பரின் அடியில் தண்ணீர் வடிய இரண்டு ஓட்டை போடுங்கள். மூடுபனியில் பெயின்ட் அடித்தால் வெளுத்துப் பூத்துவிடும். வெயில் வந்த மத்தியானத்தில் ரெட் ஆக்சைடு அடிப்பூச்சு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மேல் பூச்சு அடியுங்கள்.

குன்னூர்: பம்பர் மேல் எல்.இ.டி. பார் போட்டால் மூடுபனியில் தெரியுமா?

தெரியும், வெள்ளைச் சுவர். மஞ்சள் விளக்கைத் தாழ்வாக வையுங்கள். ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்காதீர்கள், மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டாவது கியரில் ஏறி வரும்போது கொதித்துவிடும்.

கோத்தகிரி: ராத்திரி காட்டுமாடு குறுக்கே வந்தால் இரும்பு பம்பர் காப்பாற்றாதா?

வளர்ந்த ஆண் முக்கால் டன்னைத் தாண்டும் மிருகம் அது. நீங்கள் சொல்லும் பம்பர் அதன் காலை உடைக்கும், உடம்பு பானெட் மேல் வந்து விழும். வளைவுகளில் 20-க்கு மேல் போகாதீர்கள். எதிரே நின்றால் விளக்கைத் தாழ்த்தி, ஹாரன் அடிக்காமல் நில்லுங்கள். கொஞ்ச நேரம் உங்களையே பார்த்துவிட்டு அதுவாகத் தேயிலைக்குள் இறங்கிவிடும்.