அலுமாரி வாங்கினால் அறை துப்புரவாகுமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி பிள்ளைகளின் அறையைப் பற்றியவை. மாரி தொடங்கி, உடுப்பு காயாமல் வீட்டுக்குள்ளேயே கிடக்கிற காலம் இல்லையா, அதுதான் போல. நான்கை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: மகனுக்கு வயது 15. அறைக்குள் கால் வைக்க இடமில்லை. கதிரை, கட்டில், தரை எங்கும் உடுப்பு. மூன்று கதவு அலுமாரி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். கைக்காசுக்கு 115,000 ரூபா, தவணைக்கு என்றால் மாதம் 6,500 வீதம் 24 மாதம். இரும்பு நல்லதா, சிப்போர்ட் நல்லதா? (ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை)

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் அம்மா. முதலில் தவணைக் கணக்கைப் பாருங்கள். 6,500ஐ 24ஆல் பெருக்கினால் 156,000. அலுமாரியின் விலைக்கு மேல் 41,000 ரூபா கொடுக்கிறீர்கள். அவ்வளவும் கொடுத்த பிறகும் உடுப்பு கதிரையில்தான் கிடக்கும்.

ஏன் என்று சொல்கிறேன். தரையில் கிடப்பதை ஒருநாள் கூர்ந்து பாருங்கள். தோய்த்து மடித்த உடுப்பு அதில் அதிகம் இருக்காது. பின்னேர ரியூசனுக்கு இரண்டு மணித்தியாலம் போட்ட சேட், நாளைக்கும் போடக்கூடிய காற்சட்டை, ஈரத் துவாய், வியர்த்து நனைந்த பெனியன், இவைதான் கிடக்கும். ஒருதரம் போட்டதைத் தோய்க்கவும் தேவையில்லை, தோய்த்த உடுப்போடு சேர்த்து வைக்கவும் மனம் வராது. அதற்கு உங்கள் வீட்டில் ஓர் இடம் இருக்கிறதா? பெரும்பாலான வீடுகளில் இல்லை. அதனால் கதிரை அந்த இடமாகிவிடுகிறது.

கதவுக்குப் பின்னால், அவனுடைய தோள் உயரத்தில், ஒரு பலகையில் ஆறு கொழுக்கி அடியுங்கள். சுவரில் ஒட்டுகிற பிளாஸ்டிக் கொழுக்கி வாங்க வேண்டாம். சுண்ணாம்பு பூசிய பழைய சுவரில் அது பூச்சோடு சேர்ந்து உரிந்து வரும், மழைக்காலத்தில் பசையும் விட்டுவிடும். சீமெந்துச் சுவர் என்றால் துளைபோட்டு, பிளக் வைத்து, ஸ்குரு முறுக்க வேண்டும். கொழுக்கியும் ஸ்குருவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் சாதாரண இரும்பில் சீக்கிரமே கறள் ஏறி, வெள்ளைச் சேட்டின் கழுத்தில் அடையாளம் வைத்துவிடும்.

அடுத்தது கூடை. ஒன்றல்ல, இரண்டு. பள்ளிச் சீருடை வெள்ளை என்பதால் அதற்குத் தனிக்கூடை. மூடியில்லாத, பக்கமெல்லாம் துளையுள்ள கூடையாகப் பாருங்கள். மூடி இருந்தால் பையன்கள் திறக்க மாட்டார்கள், மேலே போடுவார்கள். உள்ளே போட்டாலும் காற்றோட்டம் இல்லாமல் பூஞ்சணம் பிடிக்கும். விளையாடிவிட்டு வந்த உடுப்பு கூடைக்குப் போகும் முன் ஓர் இரவு கொழுக்கியில் தொங்கட்டும்.

இவை வாங்கப் போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள், நிறத்தை அவனே தெரிவு செய்யட்டும். நீங்கள் வாங்கி வைத்தது உங்கள் கூடை, அவன் எடுத்தது அவனுடைய கூடை. 15 வயதில் இந்த வித்தியாசம் பெரியது. அப்புறம், கூடையில் விழாத உடுப்பைத் தோய்ப்பதில்லை என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடி நிற்பதுதான் கஷ்டம், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

ஓரிரு மாதம் கழித்தும் இடம் போதாவிட்டால் அலுமாரியைப் பற்றி யோசிப்போம்.

கேள்வி: செப்டெம்பர் கடைசியில் மகளின் அறைக்கு சிப்போர்ட் அலுமாரி வாங்கினோம். மழை தொடங்கியதும் அடிப்பலகை ஊதி, கதவு மூடுதில்லை. "தண்ணி பட்டாலும் ஒண்டும் ஆகாது" என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது கேட்டால் கை விரிக்கிறார்கள். (கிண்ணியா)

பதில்: சிப்போர்ட் என்பது மரத்தூளும் சீவலும் பசையில் அழுத்திச் செய்த பலகை. மேலே ஒட்டிய தாள் தண்ணீரைத் தடுக்கும், வெட்டிய ஓரம் குடிக்கும். தரை துடைக்கிற ஈரம் அடியால் ஏறினாலே போதும். ஆகவே தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது என்று சொன்னது தவறான தகவல். வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடை செய்கிறது.

ஆனால் நாளைக் கடத்தாதீர்கள். பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள், எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். செப்டெம்பரில் வாங்கி, பழுது மழையோடு தெரியவந்தால் அந்த மூன்று மாதம் வருடக் கடைசியில் முடிந்துவிடும். பற்றுச்சீட்டின் பிரதி, ஊதின இடத்தின் படம், கடையில் சொன்ன வார்த்தை, மூன்றையும் கடிதத்தில் வையுங்கள். அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். பற்றுச்சீட்டு இல்லையா? நீங்கள் கேட்டால் கடைக்காரர் தந்தேயாக வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அதை வாங்குகிற அன்றே கேட்டிருக்க வேண்டும். வாய்ப்பேச்சை மட்டும் வைத்து வாதாடுவது கடினம். இனிமேல் விற்பவர் சொல்கிற வாக்குறுதியைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் விஷயம் விளங்கும்.

முடிவு வரும்வரை அலுமாரியை இரண்டு அங்குலம் உயர்த்திக் கட்டையில் வையுங்கள், சுவரிலிருந்தும் அதே அளவு தள்ளி வையுங்கள்.

கேள்வி: மகனின் அறையில் புழுங்கல் மணம். பூச்சி உருண்டை போடலாமா, வாசனை ஸ்பிரே வாங்கலாமா? (பாலையூற்று)

பதில்: ஸ்பிரே மணத்தை மறைக்கும், ஈரத்தைப் போக்காது. பூச்சி உருண்டையில் நப்தலீன் இருந்தால், ஜீ6பீடீ (G6PD) என்ற பரம்பரை நொதியக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும், படுக்கும் அறையில் வேண்டாம். மழை விட்ட நேரம் யன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டு, மெத்தையைச் சுவரில் சாய்த்து வையுங்கள், அதற்குச் செலவில்லை. யன்னலில் போத்தலில் வளர்க்கிற செடி இருந்தால் கிழமைக்கு ஒருதரம் தண்ணீரை ஊற்றிவிட்டு, போத்தலின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிட அவ்வளவு தண்ணீரே போதும்.

கேள்வி: நான் உயர்தர மாணவி, தங்கச்சியும் நானும் ஒரே அறை. நான் ரியூசனுக்குப் போன நேரம் அம்மா அறையைக் கூட்டி, என் வினாத்தாள்களைப் பழைய பேப்பரோடு கட்டிவிட்டார். மடிக்கிற மேசை ஒன்று இணையத்தில் வாங்கப் போகிறேன். சரியா? (லிங்கநகர்)

பதில்: மேசைக்கு முன் பொக்ஸ் பைல் வாங்குங்கள் தங்கச்சி, பாடத்துக்கு ஒன்று. மட்டைப் பைல் இந்த ஈரத்தில் நெளிந்துவிடும், பிளாஸ்டிக்கில் எடுங்கள். பெயர் எழுதி நிமிர்த்தி வைத்த பைலை யாரும் பழைய பேப்பர் என்று நினைக்க மாட்டார்கள். தரையில் கிடந்த குவியலை அம்மா அப்படி நினைத்ததில் பெரிய பிழை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அம்மாவும், கேட்காமல் எதையும் எறிவதில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பகுதியை அவருக்கும் காட்டுங்கள்.

மேசை வாங்குவதானால் விளம்பரத்தில் உள்ள நீள அகலத்துக்குப் பத்திரிகைத் தாளை வெட்டி அறையில் விரித்துப் பாருங்கள். தாளை விரித்தபிறகு கதவு திறபடுகிறதா, உங்கள் தங்கச்சி கட்டிலிலிருந்து இறங்க இடமிருக்கிறதா? உயரம் 28 முதல் 30 அங்குலம் என்றால் சாதாரணக் கதிரைக்குச் சரிவரும். படத்தில் பெரிதாகத் தெரிகிற பல மேசைகள் கட்டிலில் வைத்து எழுதுகிறவை. பொருள் வந்த பிறகு காசு கொடுக்கிற முறையில் வாங்குங்கள், பெட்டியைப் பிரிப்பதிலிருந்து கைத்தொலைபேசியில் வீடியோ எடுங்கள்.