ஸ்கேன் செய்தால் போதுமா?

அன்புள்ள ஐயா,

பழைய தாவரவியல் நூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் மாணவிகளைத் தேடச் சொன்னேன். நான் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். நூல்கள் கிடைத்தன, தேடிய செடிகள் கிடைக்கவில்லை. புதிய கட்டுரைகளோ பணம் கேட்கின்றன. ஸ்கேன் செய்து போட்டாலே எல்லோருக்கும் கிடைத்துவிட்டதாகச் சொல்வது சரியா? இன்னொரு சந்தேகம். எங்கள் வட்டாரத்துச் செடிகளை இடத்தோடு பட்டியல் எடுத்து வைத்திருக்கிறோம். அதைப் பொதுவில் வைத்தால் மூலிகை பிடுங்குகிறவர்களுக்கு நாமே வழிகாட்டியது ஆகாதா? சக ஆசிரியர்கள் போடவே வேண்டாம் என்கிறார்கள்.

எஸ்., தஞ்சாவூர் மாவட்டம்

அன்புள்ள எஸ்.,

சரியில்லைதான். ஸ்கேன் செய்வது பாதி வேலைகூட இல்லை. ஆனால் அது நடக்காமல் மற்ற எதுவும் நடக்காது.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் ரோட்லரைத் தமிழ் அகராதிக்காகப் பலருக்குத் தெரியும். அவர் செடி சேகரித்தவரும்கூட. தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பும் வழியில் பார்த்த செடிகளைப் பற்றிய அவருடைய குறிப்புகள் 1803இல் பெர்லினில், ஒரு ஜெர்மன் ஆய்விதழில் வெளியாயின. அவர் சேகரித்த உலர்செடிகள் இங்கிலாந்துக்குப் போய், கடைசியில் லண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவில் சேர்ந்தன. நம் கடற்கரையில் முளைத்த செடியைப் பற்றி நம் பிள்ளைகள் படிக்க பெர்லினுக்கும் லண்டனுக்கும் போக வேண்டியிருந்தது. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். உயிரினங்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்தும் வகைப்பாட்டியலில் பழைய எழுத்து காலாவதியாவதும் இல்லை. தாவரப் பெயர்களுக்கு 1753இலிருந்தும் விலங்குப் பெயர்களுக்கு 1758இலிருந்தும் வெளியானவை இன்றும் செல்லும். புதிய இனம் என்று ஒன்றை அறிவிப்பவர் அதற்கு ஏற்கெனவே யாரும் பெயர் வைத்துவிடவில்லை என்று பார்த்தாக வேண்டும்.

இந்தத் தடையைப் பெருமளவு உடைத்தது பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி, சுருக்கமாக பி.எச்.எல். அமெரிக்க, பிரிட்டிஷ் இயற்கை வரலாற்று நூலகங்கள் சில சேர்ந்து 2006இல் தொடங்கியது. இன்று 6 கோடிப் பக்கங்களுக்கு மேல் அங்கே இருக்கின்றன. தாவரவியலாளர் ராபர்ட் வைட் சென்னையில் 1838இல் வெளியிடத் தொடங்கிய, 2,101 படங்கள் கொண்ட தாவர நூல் அங்கே கிடைக்கிறது. அந்தப் படங்களுக்காக உழைத்த ஓவியர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். அவர்கள் வரைந்த இலை நரம்பை இப்போது செல்போனில் பெரிதாக்கிப் பார்க்கலாம். கேம்பிள் தொடங்கி, அவர் இறந்தபின் ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூலும் உண்டு. இன்றும் நம் ஊரில் செடியை இனம் காண அதைத்தானே எடுக்கிறோம்!

அப்புறம் ஏன் உங்கள் மாணவிகளுக்குச் செடி கிடைக்கவில்லை? பக்கத்தின் படத்தைக் கணினி எழுத்தாக மாற்றும்போது பிழைகள் வருகின்றன. சாய்வெழுத்தும் வரி முடிவில் உடைந்த சொல்லும் அதைத் தடுமாற வைக்கும், லத்தீன் பெயர்கள் இன்னும் அதிகமாகச் சிதையும். பி.எச்.எல். ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கும் அறிவியல் பெயர்களை ஒரு மென்பொருளால் கண்டெடுத்துத் தொகுக்கிறது. ஆனால் எழுத்தே சிதைந்திருந்தால் அதுவும் தவறவிடும். பெயர் மாற்றம் அடுத்த சிக்கல். கறிவேப்பிலைக்கு ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1771இல் வைத்த பெயர் பெர்கேரா கோனிகி. பிறகு அது முர்ராயா கோனிகி ஆனது. இப்போது கியூவின் பட்டியல் பழைய பெயருக்கே திரும்பியிருக்கிறது. ஒரு பெயரை மட்டும் தட்டினால் பாதி நூல்கள் கண்ணில் படாது. ஆகவே முதலில் ஐ.பி.என்.ஐ. தளத்துக்குப் போகச் சொல்லுங்கள். ஒரு தாவரப் பெயர் எந்த நூலில், எந்தப் பக்கத்தில் முதலில் அச்சானது என்று அதில் இருக்கும். பல பெயர்களுக்கு பி.எச்.எல். பக்கத்துக்கே நேரடி இணைப்பும் உண்டு.

புதிய கட்டுரைகள் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை தருவது சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இருக்கும் பிளாசி. 2008இல் தொடங்கிய அமைப்பு. கட்டுரையின் பி.டி.எஃப்பிலிருந்து ஒவ்வோர் இனத்தின் விவரிப்பையும் தனியே பிரித்து, கணினி புரிந்துகொள்ளும் வடிவில் வைக்கிறார்கள். படங்கள் ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் செனோடோ என்ற இணையக் களஞ்சியத்துக்குப் போகின்றன. மாதிரி எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்ற விவரம் கோபன்ஹேகனிலிருந்து இயங்கும் ஜிபிஃப் என்ற உலகத் தரவுத்தளத்தில் சேர்கிறது. இலையின் நீளமும் மகரந்தத்தாளின் எண்ணிக்கையும் உண்மைத் தகவல்கள், அவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது என்பது அவர்கள் வாதம். அதில் எனக்கு முழு உடன்பாடு. கட்டுரை பூட்டியிருந்தாலும் உங்கள் மாணவிக்கு வேண்டிய அந்த ஒரு பத்தி பிளாசியில் இருக்கலாம், தேடிப் பாருங்கள்.

இனி உங்கள் பட்டியல். சக ஆசிரியர்களின் பயத்தில் நியாயம் இருக்கிறது. தெற்குச் சீனத்தைச் சேர்ந்த கோனியூரோசாரஸ் லூயி என்ற பல்லி 1999இல் முதலில் விவரிக்கப்பட்டது. வளர்ப்புப் பிராணி வியாபாரிகள் தேடிப் போனார்கள், முதலில் கண்டெடுத்த இடத்திலேயே அது இல்லாமல் போனது. இப்படி நடக்கக் கூடாது என்றுதான், பார்த்த உயிரினங்களை யாரும் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் அழிவபாயத்தில் உள்ள இனங்களின் இடத்தைத் தானாகவே மங்கலாக்குகிறது. புள்ளியானது பக்கத்துக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சதுரத்துக்குள் எங்கேயோ இருப்பதாகத்தான் வெளியே தெரியும்.

ஆனால் இதைக் காரணமாக்கி மொத்தப் பட்டியலையும் பீரோவில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். மூலிகை பிடுங்குகிறவருக்கு இடம் பெரும்பாலும் உங்களுக்கு முன்பே தெரியும். சாலையும் குவாரியும் திட்டமிடுகிற அலுவலகத்துக்குத்தான் தெரியாது. அவர்கள் பார்க்கும் தரவில் உங்கள் வட்டாரம் வெறுமையாக இருந்தால், அங்கே எதுவும் இல்லை என்றே எழுதிவிட்டுப் போவார்கள். நம் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இருப்பது நல்லதுதான். ஆனால் அவற்றின் செடிப் பட்டியல்கள் பி.டி.எஃப். அட்டவணைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. வருடக்கணக்கில் வெயிலில் அலைந்து சேர்த்ததை யாராலும் கூட்டிப் பார்க்க முடியவில்லை. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

உங்கள் பட்டியலை எக்செல்லில் போடுங்கள். வரிக்கு ஒரு செடி: அறிவியல் பெயர், தேதி, இடம், அட்சரேகை தீர்க்கரேகை, பார்த்தவர் பெயர், உலர்செடி ஒட்டிய ஹெர்பேரியம் தாள் இருந்தால் அதன் எண். தமிழ்ப் பெயருக்கும் ஒரு நெடுவரிசை வையுங்கள், மக்கள் சொல்கிறபடியே எழுதுங்கள். பிடுங்கப்படும் ஆபத்துள்ள இனங்களுக்கு மட்டும் இடத்தையும் அட்சரேகை தீர்க்கரேகையையும் விட்டுவிட்டு, வட்டத்தின் (தாலுகாவின்) பெயரோடு நிறுத்துங்கள். மறைத்திருக்கிறோம் என்பதையும் அதே வரியில் குறிப்பிடுங்கள். உரிமத்தை இப்போதே முடிவு செய்யுங்கள். பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமம் போதும், மாணவிகளின் பெயரும் அதில் நிற்கும். ஜிபிஃப் பயன்படுத்தும் டார்வின் கோர் முறையில் நெடுவரிசைகளுக்குத் தனிப் பெயர்கள் உண்டு. அட்டவணையை அனுப்புங்கள், அவற்றைச் சரிபார்த்துத் தருகிறேன்.